தூங்கும் சதையைத் தட்டி எழுப்பும் மின்சாரம்!

"கரண்ட் வைத்துக்கொள்ளப் போகிறேன்."

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் பகுதிகளில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம்.

முழங்கால் வலிக்காரர் சொல்லுவார். ஸ்கூட்டரில் இருந்து விழுந்தவர் சொல்லுவார். பக்கவாதம் வந்த தாத்தாவை ஆட்டோவில் ஏற்றிச் செல்லும் பேரனும் சொல்லுவான்.

கரண்ட் என்றால் ஆபத்து, தொடாதே என்றுதான் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தக் கரண்டை ஆஸ்பத்திரியில் உடம்பின் மீதே வைக்கிறார்களே! அது என்ன செய்கிறது? அடிபட்ட காலுக்குப் பலம் வருமா? அலுத்துப்போன உடம்பு தேறுமா? அந்த எந்திரத்தை வீட்டுக்கே வாங்கிவிடலாமா?

விவரம் இதோ:

மூளை அனுப்பும் சேதி

மனிதன் கையைத் தூக்க நினைக்கிறான். உடனே மூளையில் இருந்து ஒரு சேதி கிளம்புகிறது. முதுகுத்தண்டு வழியாக இறங்கி, நரம்பில் ஓடி, சதையைத் தொடுகிறது. சதை சுருங்குகிறது. கை மேலே போகிறது.

அந்தக் காலத்துத் தந்திக் கம்பியில் சேதி ஓடியது போல நரம்பில் ஓடும் இந்தச் சேதியும் ஒருவகை மின்சாரம்தான்! மிக மிகச் சிறிய மின்சாரம்.

மூளையின் சேதி சதைக்கு வரவில்லை. என்ன செய்வது? வெளியே இருந்து ஒரு சிறு மின்சாரத்தை நரம்புக்குக் கொடுக்கலாம். நரம்புக்கு வித்தியாசம் தெரியாது. 'மூளைதான் உத்தரவு போடுகிறது' என்று அது சதையை இழுக்கும்.

"கரண்ட் வைத்தல்" என்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

துடித்த தவளைக் கால்

இது நேற்று முளைத்த வித்தை அல்ல.

சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ரோமாபுரியில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்று ஒரு வைத்தியர் இருந்தார். கடலில் ஒருவகைத் திருக்கை மீன் உண்டு. தொட்டால் 'சுரீர்' என்று மின்சாரம் பாயும். கால் மூட்டு வலிக்காரர்களை ஈரமான கடற்கரையில் நிறுத்தி, உயிருள்ள அந்த மீனைக் காலடியில் வைக்கச் சொன்னார் அவர். கால் மரத்துப்போகும். வலி தெரியாது!

இத்தாலி நாட்டில் லூயிஜி கால்வானி என்ற பேராசிரியர் இருந்தார். செத்த தவளையின் காலில் மின்சாரம் பட்டதும் அது துடிப்பதைப் பார்த்தார். 1791-ம் ஆண்டு அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். உலகமே அதிசயித்தது.

பிறகு 1831-ம் ஆண்டில், காந்தத்தையும் கம்பிச் சுருளையும் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் வழியை இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே கண்டுபிடித்தார்.

அதற்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1931-ம் ஆண்டில்தான் சென்னை கடற்கரையில் இருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ரயிலுக்கு மின்சாரம் தந்ததும் பாரடே கண்டுபிடித்த அதே தத்துவம்தான். ஆனால் ரயில் வருவதற்கு வெகுகாலம் முன்பே வைத்தியர்கள் அந்தக் கம்பிச் சுருளைச் சதையின் மீது உபயோகித்துப் பார்த்துவிட்டார்கள்!

பிரான்ஸ் நாட்டு டாக்டர் டுஷேன் இதில் முன்னோடி. தோலின் மேல் எந்த இடத்தில் மின்சாரம் வைத்தால் எந்தச் சதை இழுக்கும் என்று அவர் தேடித் தேடிக் கண்டுபிடித்தார். 1855-ம் ஆண்டு அதைப் புத்தகமாகவே வெளியிட்டார்.

கால் ஏன் இளைக்கிறது?

ஒரு வாலிபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருங்களத்தூரில் வீடு. ஏணி ஏறி ஒயரிங் செய்கிற வேலை. மழைநாளில் ஜி.எஸ்.டி. ரோட்டில் மோட்டார் சைக்கிள் சறுக்குகிறது. முழங்காலுக்குள் இருக்கும் ஜவ்வு அறுந்துபோகிறது. ஆபரேஷன் நடக்கிறது.

ஆபரேஷன் வெற்றிதான். ஆனால் இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அடிபட்ட கால் தொடை மெலிந்து கிடக்கிறது!

"முழங்காலில்தானே அடி? தொடை ஏன் இளைத்தது?" என்று வீட்டில் உள்ளவர்கள் திகைக்கிறார்கள்.

காரணம் உண்டு. மூட்டு வீங்கியதும் அங்கிருந்து முதுகுத்தண்டுக்கு ஒரு சேதி போகிறது. 'இந்தக் காலை அசைக்காதே' என்பது அந்தச் சேதி. உடனே தொடைச் சதைக்குப் போகும் உத்தரவு குறைந்துவிடுகிறது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாலும் தொடை இறுகுவது இல்லை. வேலை இல்லாத சதை நாளுக்கு நாள் கரைகிறது.

இது சின்ன விஷயம் அல்ல. தொடையில் பலம் இல்லாவிட்டால் முழங்கால் நிற்காது. முழங்கால் நிற்காவிட்டால் ஏணி ஏற முடியாது. ஏணி ஏறாவிட்டால் சம்பளம் இல்லை. ஒரு தொடைச் சதையை நம்பி ஒரு குடும்பமே இருக்கிறது!

இந்த நேரத்தில்தான் மின்சாரம் கை கொடுக்கிறது.

எப்படி வைக்கிறார்கள்?

தொடையின் மீது இரண்டு ஒட்டுப் பட்டைகளை ஒட்டுவார்கள். அதில் இருந்து மெல்லிய ஒயர் எந்திரத்துக்குப் போகும்.

வீட்டுச் சுவரில் இருப்பது 230 வோல்ட் மின்சாரம். அது இதயத்தின் வழியாகப் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரி எந்திரம் அப்படிப் பாயவிடாது. துளித் துளியாகத் தட்டும். ஒரு வினாடியைப் பத்தாயிரம் பங்காகப் போட்டால், அதில் மூன்று, நான்கு பங்கு நேரம்தான் ஒவ்வொரு தட்டும்!

வினாடிக்கு ஒரு தடவை தட்டினால் சதை துள்ளும். வினாடிக்கு 30, 40, 50 என்று தட்டினால் துள்ளல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, சதை கல்போல் இறுகி நிற்கும்.

சுமார் 10 வினாடி இறுக்கம். பிறகு 50 வினாடி ஓய்வு. மறுபடியும் இறுக்கம். இப்படிப் பத்து, பதினைந்து தடவை.

ஓய்வு எதற்கு? மனிதன் தானாகச் சதையை இறுக்கும்போது, அதில் உள்ள நார்கள் முறை வைத்து வேலை செய்யும். சில நார்கள் உழைக்கும். சில இளைப்பாறும். மின்சாரத்துக்கு அந்த நாகரிகம் தெரியாது. அதே நார்களைத் திரும்பத் திரும்ப விரட்டும். அதனால் சதை சீக்கிரம் களைத்துப்போகும்.

இன்னொரு விஷயம். எந்திரம் இழுக்கும்போது நோயாளி சும்மா படுத்திருக்கக் கூடாது. அவரும் சேர்ந்து தொடையை இறுக்க வேண்டும். மூளையின் பழைய பாதை அப்போதுதான் மறுபடி திறக்கும்.

நூற்றுப்பத்து பேர்

"இதனால் உண்மையிலேயே பலன் உண்டா?" என்று கேட்கலாம். சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஜவ்வு ஆபரேஷன் செய்துகொண்ட 110 பேரைப் பிரித்து நடத்திய ஆராய்ச்சி 1995-ம் ஆண்டு வெளிவந்தது. நாலு வாரம் சிகிச்சை. பிறகு, அடிபட்ட காலின் பலத்தை நல்ல காலின் பலத்தோடு ஒப்பிட்டார்கள்.

பலமான மின்சாரம் பெற்றவர்களுக்கு நல்ல காலில் உள்ள பலத்தில் 70 சதவீதம் அல்லது அதற்கு மேல் திரும்பி இருந்தது. தாமாகவே முயன்று உடற்பயிற்சி செய்தவர்களுக்கு 57 சதவீதம். லேசான மின்சாரம் மட்டும் பெற்றவர்களுக்கு 51 சதவீதம்!

இந்த மூன்றாவது கணக்கைக் கவனியுங்கள். கூச்சம் காட்டுவதுபோல லேசாகத் தட்டும் மின்சாரத்தால் அவர்களுக்கு லாபம் இல்லை. தாங்கக்கூடிய மட்டும் கூட்டி, சதை நன்றாக இறுகினால்தான் பலன்.

வயதானவர்களுக்கும் இது உதவுகிறது. முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்த 66 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2012-ம் ஆண்டு வெளிவந்தது. ஆபரேஷன் முடிந்து 48 மணி நேரத்தில் மின்சாரத்தைத் தொடங்கினார்கள். தினமும் இரண்டு வேளை, ஆறு வாரம். வழக்கமான பயிற்சியோடு இதையும் சேர்த்தவர்களின் தொடை சீக்கிரம் பலம் பெற்றது.

பக்கவாதம் வந்த சிலருக்கு நடக்கும்போது பாதம் தொங்கும். தரையில் இடித்துத் தடுமாறுவார்கள். அவர்களுக்காக அமெரிக்காவில் டாக்டர் லிபர்சன் 1961-ம் ஆண்டு ஒரு கருவியைப் பற்றி வெளியிட்டார். குதிகால் அடியில் ஒரு ஸ்விட்ச். குதிகால் தரையை விட்டு எழும்பியதும் கரண்ட் போகும். பாதம் தானாக நிமிரும்! இன்று வரும் நவீனக் கருவிகளுக்கு அதுவே மூதாதை.

சானடோரியம் சொல்லும் பாடம்

தாம்பரத்தை அடுத்து 'சானடோரியம்' என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. 1928-ம் ஆண்டு டாக்டர் டேவிட் சவுரிமுத்து அங்கே காச நோயாளிகளுக்காக ஆஸ்பத்திரி தொடங்கினார். அதனால் வந்த பெயர் அது.

காச நோய்க்குச் சரியான மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. நல்ல காற்று, நல்ல ஆகாரம், ஓய்வு. இவைதான் வைத்தியம். அப்போது வேறு வழி இல்லை.

இன்று மருந்து வந்துவிட்டது. ஓய்வைப் பற்றிய எண்ணமும் மாறிவிட்டது. படுக்கையிலேயே கிடந்தால் சதை கரையும் என்பதை டாக்டர்கள் கண்டுகொண்டார்கள். நுரையீரல் நோயாளிகளையும் முடிந்தவரை நடக்கச் சொல்கிறார்கள்.

நாலு அடி வைத்தாலே மூச்சு வாங்குகிறவர் என்ன செய்வார்? இதற்கும் மின்சாரத்தைச் சோதித்தார்கள். கடுமையான நுரையீரல் அடைப்பு நோய் உள்ள 52 பேரிடம் இங்கிலாந்தில் நடந்த ஆராய்ச்சி 2016-ம் ஆண்டு வெளிவந்தது. தினமும் அரை மணி நேரம் தொடைகளில் மின்சாரம், ஆறு வாரம். அவர்களால் முன்னைவிடக் கூடுதல் தூரம் நடக்க முடிந்தது. ஆனால் மின்சாரத்தை நிறுத்தியதும் அந்த லாபம் நீடிக்கவில்லை!

மின்சாரம் சதையை எழுப்பும். எழுந்த சதைக்கு வேலை கொடுக்க வேண்டியது மனிதன்தான். மின்சாரம் தந்த பலத்தைக் கொண்டு எழுந்து நடக்கத் தொடங்குகிறவருக்கு அந்தப் பலம் தங்கும். மறுபடி படுத்துக்கொண்டால் போய்விடும்.

எல்லாம் ஒரே கரண்டா?

இல்லை. இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

'டென்ஸ்' என்று ஒரு கருவி உண்டு. அது வலியை மறைப்பதற்கு. காலில் இடித்துக்கொண்டால் அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோம். வலி குறைந்ததுபோல இருக்கும். தேய்க்கும் உணர்ச்சி முந்திக்கொண்டு போய் வலிக்குக் கதவை அடைக்கிறது என்று மெல்சாக், வால் என்ற இரு விஞ்ஞானிகள் 1965-ம் ஆண்டு விளக்கினார்கள். 'டென்ஸ்' கருவி வேலை செய்வதும் ஏறக்குறைய அப்படித்தான். வலி அடங்கலாம். சதைக்குப் பலம் வராது.

'ஐ.எப்.டி.' என்பதும் பெரும்பாலும் வலிக்காக வைப்பதுதான். 'அல்ட்ரா சவுண்ட்' என்று தேய்க்கிறார்களே, அதில் உடம்புக்குள் போவது மின்சாரமே அல்ல. ஒலி அலை.

ஆகவே "கரண்ட் வைத்தேன்" என்றால் போதாது. வலிக்கு வைத்தார்களா, பலத்துக்கு வைத்தார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அலுத்த சதைக்கு?

திருநீர்மலைப் படியில் ஏறி இறங்கிய மறுநாள் தொடையும் கெண்டைக்காலும் வலிக்கும். ரொம்ப நாள் கழித்துப் பந்து விளையாடினாலும் வலிக்கும். இது நோய் அல்ல. பழக்கம் இல்லாத வேலையால் சதை நார்களில் உண்டாகும் நுண்ணிய காயம். முதல் நாளைவிட இரண்டாம் நாள், மூன்றாம் நாள் அதிகமாக இருக்கும். பிறகு தானே தணியும்.

இதற்கு மின்சாரம் வைத்தால் சற்று இதமாக இருக்கலாம். ஆனால் சதை சீக்கிரம் தேறும் என்று ஆராய்ச்சிகள் உறுதியாகச் சொல்லவில்லை. நல்ல தூக்கம், போதிய தண்ணீர், மெதுவான நடை. இவற்றுக்குக் காசு வேண்டாம்!

பெல்ட் கட்டினால் தொப்பை குறையுமா?

"உட்கார்ந்த இடத்தில் தொப்பை கரையும்! உழைக்காமல் உடம்பு முறுக்கேறும்!" என்று மின்சார பெல்ட் விற்கிறார்கள்.

நம்பாதீர்கள். அமெரிக்காவில் இப்படி விளம்பரம் செய்த மூன்று பெல்ட் வியாபாரங்கள் மீது 2002-ம் ஆண்டு அந்நாட்டு அரசின் வர்த்தக ஆணையமே வழக்குப் போட்டது.

உடம்பு முழுவதும் மின்சாரம் பாயும் உடையைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்யும் புதுப் பழக்கமும் வந்திருக்கிறது. பழக்கம் இல்லாதவர் முதல் நாளே அதிகமாக வைத்துக்கொண்டால் சதை நொறுங்கி, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தையே கெடுக்கலாம். இப்படிச் சிலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டதை அடுத்து, 2016-ம் ஆண்டு இஸ்ரேல் சுகாதாரத் துறை எச்சரிக்கை விடுத்தது.

கடும் சதைவலியோடு சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

யார் வைக்கக் கூடாது?

இதயத்துக்குப் 'பேஸ்மேக்கர்' வைத்திருப்பவர்கள் டாக்டரின் அனுமதி இல்லாமல் மின்சாரத்தின் பக்கமே போகக் கூடாது.

கர்ப்பிணிகள் வயிற்றிலும் இடுப்பிலும் வைக்கக் கூடாது.

கழுத்தின் முன்பக்கம் யாருக்கும் கூடாது. மார்பின் குறுக்கே பாயும்படியும் வைக்கக் கூடாது.

புற்றுநோய்க் கட்டி உள்ள இடம், ரத்தம் உறைந்து அடைத்த கால், புண் உள்ள தோல் ஆகிய இடங்களில் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பலருக்குப் பாதம் மரத்திருக்கும். சுட்டாலும் தெரியாது. பட்டை ஒட்டிய இடம் கொப்புளித்தாலும் தெரியாது. ஆகவே உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் மின்சாரம் வைக்க வேண்டும்.

எங்கே போவது?

இயன்முறை மருத்துவம் என்பது படித்துப் பட்டம் வாங்கிச் செய்கிற தொழில். 2021-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டு வந்த சட்டத்தில் இந்தத் தொழிலும் சேர்க்கப்பட்டது. ஆகவே சிகிச்சை அளிப்பவரின் படிப்பை விசாரிப்பதில் தவறில்லை.

மாற்றுத் திறனாளிகளுக்கென்று முட்டுக்காட்டில் 2005-ம் ஆண்டு மத்திய அரசு ஒரு தேசிய நிறுவனம் அமைத்தது. கே.கே. நகரில் தமிழக அரசின் புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்டு மாதம் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு தேடி வரும் சிகிச்சைகளில் இயன்முறை சிகிச்சையும் ஒன்றாக இருந்தது.

சக்கர நாற்காலி டாக்டர்

விபத்துக்குப் பிறகும் வாழ்வு உண்டு என்று தமிழ்நாட்டுக்குக் காட்டியவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இளம் டாக்டராக இருந்தார். 1954-ம் ஆண்டு கார் விபத்தில் முதுகுத்தண்டு நொறுங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

முதுகுத்தண்டே அறுபட்டால், வெளியே இருந்து எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் பழைய நடை வந்துவிடாது. கால் இழுக்கும். நினைத்தபடி நடக்காது.

மேரி வர்கீஸ் சோர்ந்துவிடவில்லை. எஞ்சிய பலத்தைப் பயிற்சியால் வளர்த்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். வெளிநாடு சென்று புனர்வாழ்வு மருத்துவம் படித்தார். 1966-ம் ஆண்டு வேலூரில் தொடங்கிய புனர்வாழ்வு நிலையத்துக்கு அவரே தூணாக நின்றார்.

வீட்டார் செய்யவேண்டியது

மின்சாரம் வைக்கும் நேரம் ஒரு நாளில் அரை மணி. மீதி இருபத்து மூன்றரை மணி நேரமும் நோயாளி வீட்டில்தான் இருக்கிறார்.

"எதற்காக இந்த மின்சாரம்? எத்தனை நாள்? வீட்டில் என்ன பயிற்சி?" என்ற மூன்று கேள்விகளைச் சிகிச்சை அளிப்பவரிடம் கேளுங்கள். சொல்லும் பயிற்சியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாரம் ஒரு தடவை தொடையைச் சுற்றி டேப் வைத்து அளந்து, தேதி போட்டுக் குறியுங்கள்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும், "இன்றைக்குக் கரண்ட் வைத்தார்களா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "இன்றைக்கு எத்தனை தடவை காலைத் தூக்கினீர்கள்?" என்றும் கேளுங்கள்!